கீழத்துறையில் டெஸ்க்டாப் இல்லை

நவம்பர் 4, திங்கள்

வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்கூட முடியவில்லை, அதற்குள் ஜெபராஜ் சார் என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். போன கம்பெனியில் உட்கார வைத்துத்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

விஷயம் இது. எங்கள் அறக்கட்டளை கடலோர ஊர்களில் தகவல் மையம் நடத்துகிறது. மையத்துக்கு ஒரு கம்ப்யூட்டர், எல்லாம் யாரோ தானமாகத் தள்ளிவிட்ட பழசு. பெருங்காற்று, புயல் என்று எச்சரிக்கை வந்தால் நாகப்பட்டினம் ஆபீஸிலிருந்து எல்லா மையத்துக்கும் போகும். அங்கே வரிசையாகக் கட்டளை எழுதி வைத்திருக்கிற ஒரு ஷெல் ஸ்கிரிப்ட், அந்தக் கம்ப்யூட்டரின் திரையை எந்த டெஸ்க்டாப் மென்பொருள் நடத்துகிறது என்று கண்டுபிடித்து, அதற்கேற்றபடி திரையில் சிவப்புப் பெட்டியாக எச்சரிக்கையைக் காட்ட வேண்டும். கண்டுபிடித்தாக வேண்டும், ஏனென்றால் ஒவ்வொரு மையத்திலும் ஒவ்வொரு லினக்ஸ், ஒவ்வொரு டெஸ்க்டாப். ஒன்றில் பெட்டி காட்டுகிற கட்டளை இன்னொன்றில் வேலை செய்யாது.

இதுவரை எந்த ஊரிலும் ஒரு பெட்டிகூட வந்ததில்லையாம். இந்த மாதம் நன்கொடை கொடுக்கிறவர்கள் பார்வையிட வருகிறார்கள்.

"நாயகி, அவங்க வர்றப்ப ஸ்கிரீன்ல அந்தப் பெட்டி வரணும்மா, நம்ம லோகோவோட. வரலைன்னா உங்க ப்ரொபேஷனைப் பத்தி மேல நான் ஒண்ணும் பேச முடியாது" என்றார். அன்பாகத்தான் சொன்னார். அதுதான் கூடுதல் பயமாக இருக்கிறது.

நவம்பர் 5, செவ்வாய்

வாடகை குறைவு என்று நான் தங்கியிருப்பதும் ஒரு மைய ஊரில்தான், கீழத்துறை. கலைச்செல்வி அக்கா வீட்டு மாடி அறை. அக்கா புருஷன் நாகமுத்து அண்ணனுக்கு ஒரு ஃபைபர் போட்டு உண்டு. அவரும் அவர் மச்சான், அக்காவின் தம்பி தங்கையனும் போவார்கள்.

இந்த வீட்டில் கடிகாரமே வேண்டாம். மறுநாள் கடலுக்குப் போவதென்றால் அண்ணன் பொழுது சாயும்போதே சாப்பிட்டுப் படுத்துவிடுவார். அக்கா கடலுக்குச் சோறு கொண்டுபோகிற தூக்குச்சட்டியைக் கழுவி வாசற்படி ஓரம் கவிழ்த்து வைப்பாள். போகாத நாளில் அண்ணன் டிவியை விட்டு எழுந்திருக்க மாட்டார், சட்டி உள்ளே பரணில் கிடக்கும்.

நான் இன்று அதிகப்பிரசங்கியாக, "காத்து வருமா வராதான்னு எப்படிண்ணே தெரியும், டிவி பாப்பீங்களா?" என்று கேட்டுவைத்தேன்.

"டிவிக்காரன் தெனம் ஏதாவது சொல்றான் பாப்பா. அவன் பேச்சக் கேட்டா அடுப்பு எரியாது. ஊளை ஊதலைன்னா கடல் நல்லாருக்குன்னு அர்த்தம். ஊதுனா போறதில்ல. அவ்வளவுதான்."

இங்கே பக்கத்தில் ஐஸ் கம்பெனி இருக்கிறது. மத்தியானம் சங்கு ஊதி என் காதைக் கிழிக்கும். அதற்கு இவர்கள் வைத்த பேர் போலிருக்கிறது. ஐஸ் கம்பெனிக்காரனை நம்பி உயிரை வைத்திருக்கிறார்கள், என்னத்தைச் சொல்ல.

நவம்பர் 7, வியாழன்

ஸ்கிரிப்ட்டைப் படித்து முடித்தேன். எழுதியவன் யாரோ, இப்போது பெங்களூரில் நன்றாகச் சம்பாதித்துக்கொண்டிருப்பான். ஒரு வரி விளக்கம் எழுதவில்லை, படுபாவி. இன்னொருவர் வந்து படிப்பார் என்ற நினைப்பே இல்லாத எழுத்து.

முதலில் ‘இப்போதைய டெஸ்க்டாப் எது’ என்று கம்ப்யூட்டர் பெயரைக் குறித்து வைக்கிற மாறியைப் பார்க்கிறான். க்னோம் என்றால் இப்படி, கேடிஇ என்றால் அப்படி, எக்ஸ்எஃப்சிஇ என்றால் வேறு மாதிரி. மாறி காலியாக இருந்தால் ‘டெஸ்க்டாப் இல்லை’ என்று பதிவில் எழுதிவிட்டு, ஏதோ ஒரு ஒலிக்கோப்பை ஓடவிடுகிறான். அவ்வளவுதான் ஸ்கிரிப்ட்.

பழைய பதிவுகளை எடுத்துப் பார்த்தேன். கீழத்துறை, டெஸ்க்டாப் இல்லை. புதுமணல்மேடு, டெஸ்க்டாப் இல்லை. எல்லா ஊரும், எல்லாத் தடவையும், டெஸ்க்டாப் இல்லை. எல்லா மையத்திலும் திரை கண் முன்னால் எரிந்துகொண்டிருக்கிறது, இது இல்லை இல்லை என்று சாதித்திருக்கிறது. இரண்டு வருஷமாக ஒருத்தரும் இந்தப் பதிவைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

நவம்பர் 8, வெள்ளி

தலைவலி. பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். நகத்தைக் கடிப்பதை நிறுத்த வேண்டும்.

நவம்பர் 10, ஞாயிறு

லீவுதான், ஆனாலும் மனசு கேட்காமல் எங்கள் ஊர் மையத்தைத் திறக்கச் சொல்லிப் போனேன். பொறுப்பாளர் சகாயமேரி பூசை முடிந்து நேராக வந்தாள். மானிட்டர்மேல் ஒரு பூப்போட்ட போர்வை.

"என்ன மேரி, காய்ச்சலா அதுக்கு?"

"உப்புக்காத்துக்கா. மூடலைன்னா ஆறு மாசத்துல துருப்புடிச்சிரும். போன சாரு இருக்கறப்பலருந்து மூடித்தான் வப்பேன். யாராச்சும் ஃபாரம் போட வந்தாத்தான் எடுப்பேன்."

போர்வையை விலக்கி, நானே டெர்மினலைத் திறந்து ஸ்கிரிப்ட்டைக் கையால் ஓட்டினேன். சட்டென்று சிவப்புப் பெட்டி வந்து நின்றது. எக்ஸ்எஃப்சிஇ என்று சரியாகக் கண்டுபிடித்திருக்கிறது. அப்புறம் ஏன் தானாக ஓடும்போது மட்டும் இல்லை என்கிறது? மூன்று தடவை ஓட்டினேன், மூன்று தடவையும் பெட்டி வந்தது. மேரி கைதட்டினாள். எனக்கு எரிச்சலாக வந்தது.

வெளியே வரும்போது பார்த்தேன், மைய மாடியில் இரண்டு பெரிய குழாய் ஸ்பீக்கர். மாதா கோயில் திருவிழாவுக்குக் கட்டியதை இன்னும் அவிழ்க்கவில்லை போலிருக்கிறது. எதையும் எடுத்த இடத்தில் வைக்காத ஊர்.

நவம்பர் 12, செவ்வாய்

கண்டுபிடித்துவிட்டேன். கண்டுபிடித்துவிட்டேன் என்று இரண்டு தடவை எழுதலாம்.

நாம் திரைமுன் உட்கார்ந்து ஓட்டினால் ஸ்கிரிப்ட்டுக்கு எல்லாம் தெரியும். ஆனால் எச்சரிக்கை வரும்போது அதை ஓட்டுவது நாம் இல்லை, க்ரான். குறித்த நேரத்துக்குப் பின்னணியில் வேலையை எழுப்பிவிடுகிற ஆள் அது. டெஸ்க்டாப்புக்குள் நுழைந்தவர்களிடம் மட்டும் இருக்கும் மாறிகள் எதுவும் க்ரானிடம் கிடையாது. கொல்லைப்புறமாக வந்தவன் கூடத்தை எட்டிப் பார்க்காமலே ‘இந்த வீட்டில் கூடமே இல்லை’ என்று சொல்லிவிட்டுப் போகிற கதைதான்.

இதை உறுதிப்படுத்த, எச்சரிக்கை எதுவும் அனுப்பாமல், டெஸ்க்டாப் எது என்று மட்டும் எழுதும்படி க்ரானில் போட்டுப் பார்த்தேன். காலி. அப்பாடா.

நவம்பர் 14, வியாழன்

புதிதாக எழுதியாயிற்று. மாறியை நம்புவதே இல்லை. இப்போது ஓடுகிற வேலைகளில் எந்த டெஸ்க்டாப்பின் தலைமை வேலை இருக்கிறது என்று தேடுகிறேன். கிடைத்ததும் அதனிடமிருந்தே எந்தத் திரை, எந்த முகவரி என்பதை எடுத்துக்கொண்டு அங்கே பெட்டியை அனுப்புகிறேன். பெட்டி வந்தபின் பதிவில் ‘காட்டப்பட்டது’ என்று எழுதும். ஆபீஸிலிருந்தே எல்லா மையத்துக்கும் பரிசோதனைப் பெட்டி அனுப்பினேன். காட்டப்பட்டது, காட்டப்பட்டது, காட்டப்பட்டது. பார்க்கப் பார்க்க இனித்தது.

‘டெஸ்க்டாப் இல்லை’ என்றால் மட்டும் ஓடுகிற கடைசிக் கிளையில் அந்த ஒலிக்கோப்பு அப்படியே இருக்கிறது. டெஸ்க்டாப் இல்லாத மெஷினே நம்மிடம் இல்லை, இனி அந்தப் பக்கம் யாரும் போகப்போவதில்லை. மெஷினில் ஸ்பீக்கரும் இல்லை, என்ன சத்தம் வந்துவிடப்போகிறது. திறந்துகூடக் கேட்கவில்லை. கிடக்கட்டும்.

நவம்பர் 21, வியாழன்

நன்கொடைக்காரர்கள் வந்தார்கள், பார்த்தார்கள், போனார்கள். கீழத்துறை மையத்தில் எல்லோரும் நின்றுகொண்டிருந்தபோது நான் ஆபீஸில் உட்கார்ந்து அனுப்பினேன். போனில் மேரி குரலைக் குறைத்து, "வந்துருச்சுக்கா, போட்டோ எடுக்குறாங்க" என்றாள்.

ஜெபராஜ் சார் திரும்பி வந்து, "இரண்டு வருஷமா செத்துக் கிடந்த சிஸ்டம்மா இது, நீங்கதான் உயிர் குடுத்தீங்க" என்றார். ப்ரொபேஷன் பற்றி மேலே பேசுவாராம். காலையிலிருந்து சாப்பிடாதது அப்போதுதான் நினைவு வந்தது.

மேரியிடம் சும்மா கேட்டேன், அவர்கள் போனதும் என்ன செய்தாய் என்று. போர்வையைப் போர்த்திவிட்டு வீட்டுக்குப் போனாளாம்.

நவம்பர் 24, ஞாயிறு

முதல் நிஜ எச்சரிக்கை. நாளைக் காலையிலிருந்து பலத்த காற்று, கடலுக்குப் போக வேண்டாம். ஞாயிறு என்றாலும் ஆபீஸுக்குப் போனேன், முதல் தடவை என்பதால் படபடப்பு. சாயங்காலம் அனுப்பியதும் ஒவ்வொரு ஊராகப் பதிவு வந்தது. கீழத்துறை, காட்டப்பட்டது. விட்டுப்போன ஊர் ஒன்றுகூட இல்லை. ஜெபராஜ் சார் போனில் ‘சூப்பர்மா’ என்றார்.

வீட்டுக்கு வரும்போது இருட்டிவிட்டது. அண்ணன் அதற்குள் படுத்துவிட்டார். நாளைக்குப் போக முடியாது, நன்றாகத் தூங்கட்டும் என்று சத்தம் போடாமல் செருப்பைக் கழற்றினேன். வாசற்படியில் தூக்குச்சட்டி காலில் இடறியது, நகர்த்தி வைத்துவிட்டு மாடிக்கு வந்தேன். அக்கா சுறாப்புட்டு கொடுத்தனுப்பியிருந்தாள். இரண்டு பிடி கூடவே சாப்பிட்டேன்.

நவம்பர் 25, திங்கள்

எழுத முடியுமா தெரியவில்லை. எழுதிப் பார்க்கிறேன்.

ஆபீஸ் ஜன்னல் காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. அக்கா போன் பண்ணினாள்.

"பாப்பா, ஒங்க ஆபீசுல கடலப் பத்தி ஏதும் சொல்றாங்களா? இங்க மணல வாரி அடிக்குது. இவுகள இன்னும் காணும்."

"யாரைக்கா காணும்?"

"ஒங்க அண்ணனத்தான். தம்பியும்தான் போயிருக்கான். விடியக்காலமே போனாங்க."

"நேத்தே எச்சரிக்கை வந்துச்சேக்கா. போகக் கூடாதுன்னு."

"எங்க வந்துச்சு? ஊளை ஊதலையே."

"ஐஸ் கம்பெனிக்காரன் ஊதலைன்னா என்னக்கா, மையத்துல" என்று ஆரம்பித்தேன்.

"ஐஸ் கம்பெனி எதுக்குடி ஊதுறான்? மேரி சென்டர் மாடியில கொழாய் இருக்குல்ல, அதுதான் ஊளை. காத்து வருதுன்னா தானா ஊதும். கடக்கரை பூரா கேக்கும். ரெண்டு வருசமா ஒருக்காகூட தப்புனதில்ல."

போனைக் காதில் இடுக்கிக்கொண்டே கீழத்துறை மெஷினுக்குள் நுழைந்து, அந்தக் கடைசிக் கிளையில் இருந்த ஒலிக்கோப்பைக் கையால் ஓட்டினேன். போனுக்குள் அது கேட்டது. அடிவயிற்றிலிருந்து எழுந்து மேலே மேலே போகிற ஊளை. என்ன சொல்வது, அவ்வளவு பெரிய சத்தம். ஊளைக்கு நடுவில் அக்கா குரல்.

"இப்ப ஊதுது பாப்பா. இப்ப எதுக்கு ஊதுது?"

நவம்பர் 26, செவ்வாய்

மற்ற ஊர்களில் டிவி பார்த்து நின்றவர்கள் நின்றார்கள், போனவர்கள் நேற்று ராத்திரிக்குள் கரை சேர்ந்தார்கள். கீழத்துறைக்காரர்களும் வந்துவிட்டார்கள். வராதது ஒரே ஒரு போட்டு.

துணி துவைத்தேன். காயவில்லை.

நவம்பர் 26, மறுபடியும்

மேரி மட்டும் அந்தப் போர்வையைப் போர்த்தாமல் இருந்திருந்தால். ஞாயிறு என்று மையத்தைப் பூட்டி வைக்காமல் இருந்திருந்தால். பெங்களூர்க்காரன் ஒரு வரி எழுதி வைத்திருந்தால். மாடியில் குழாய் இருக்கிறது என்று ஒருத்தராவது என்னிடம் சொல்லியிருந்தால்.

குழாயை நான் பார்த்தேன். ஊளை என்ற பேச்சை என் காதால் கேட்டேன். ஒலிக்கோப்பைக் கண்ணால் கண்டேன். தூக்குச்சட்டியை என் கையால் நகர்த்தி வைத்தேன்.

நவம்பர் 27, புதன்

ஜெபராஜ் சார் கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். குழாய் விஷயம் அவருக்கும் தெரியாதாம். ஸ்கிரிப்ட் எழுதிய பழைய ஆள் கீழத்துறையில் மட்டும் மேரியுடன் சேர்ந்து ஆம்ப்ளிஃபயர் வாங்கி, ஊர்க்காரர்கள் கேட்டார்கள் என்று மெஷினோடு இணைத்துக் கட்டியிருக்கிறான். ஆபீஸுக்குச் சொல்லவே இல்லை.

"நம்ம பதிவுல காட்டப்பட்டதுன்னு இருக்கு. அதுக்கு மேல நம்ம பொறுப்பு இல்லம்மா. யார் கேட்டாலும் அதைக் காட்டுங்க. வேற ஒண்ணும் பேசாதீங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"ஊளை நின்னது என்னாலதான் சார்."

"அது பழுதும்மா. பழுதைச் சரி பண்ணினதுக்கு யாரும் யாரையும் குத்தம் சொல்ல மாட்டாங்க."

பழுதுதான். அந்தப் பழுதை நம்பித்தான் ஒரு ஊரே படுத்து எழுந்திருக்கிறது. டெஸ்க்டாப் இருக்கிறதா என்று அத்தனை அழகாகக் கண்டுபிடித்தேன். அதற்கு எதிரில் ஆள் இருக்கிறதா என்று கேட்க என் ஸ்கிரிப்ட்டில் ஒரு வரி இல்லை.

வீட்டுக்கு வந்தேன். அக்கா கடற்கரையில் போட்டுகளுக்கு நடுவில் மணலில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் சொன்னேன். க்ரான், டெஸ்க்டாப் என்றெல்லாம் இல்லை. ‘ஊளை ஊத வேண்டியதை ஊதவிடாமல் செய்தது நான்தான், தெரியாமல் செய்துவிட்டேன்’ என்று சொன்னேன்.

அக்கா என்னைப் பார்க்கவில்லை. கடலைப் பார்த்தபடியே, "நேத்து நீ வீட்டுக்குள்ள வர்றப்பவே ஒனக்குத் தெரியும்ல, காத்து வருதுன்னு" என்றாள். அவள் நேற்று என்றது ஞாயிற்றுக்கிழமையை. அவளுக்கு அன்றோடு நாள் நின்றுவிட்டது.

"தெரியும்க்கா."

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே புள்ள."

எல்லோருக்கும் தெரிந்திருக்கும் என்று நினைத்தேன் என்று இங்கே எழுதலாம். அவளிடம் சொல்ல வாய் வரவில்லை.

நவம்பர் 28, வியாழன்

வந்துவிட்டார்கள்.

தெற்கே தள்ளிப்போய்க் கவிழ்ந்த போட்டைப் பிடித்துக்கொண்டு கிடந்தவர்களை ஒரு விசைப்படகில் வந்தவர்கள் தூக்கியிருக்கிறார்கள். தங்கையனுக்கு உதடெல்லாம் வெந்துபோயிருக்கிறது. அண்ணனுக்கு வலது கை மணிக்கட்டுக்கு மேலே முறிந்திருக்கிறது. போட்டும் இஞ்சினும் வலையும் போனது போனதுதான். ஆஸ்பத்திரி வாசலில் அக்கா அண்ணன் தலையில் நங்கென்று ஒரு குட்டு வைத்துவிட்டு அழுதாள். நான் தள்ளி நின்று அழுதேன். கிட்டே போகத் தைரியம் வரவில்லை.

நவம்பர் 30, சனி

ஸ்கிரிப்ட்டை மாற்றிவிட்டேன், ஜெபராஜ் சாரிடம் கேட்காமல். டெஸ்க்டாப் இருந்தால் பெட்டியைக் காட்டு. இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஊளையை ஊது. மேலே தமிழில் விளக்கம் எழுதி வைத்தேன்: இந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் இங்கே கடலுக்குப் போவதை நிறுத்துகிறார்கள், இதைத் தொடாதே.

சாருக்கும் அப்படியே எழுதி அனுப்பிவிட்டேன், யார் என்ன செய்தார்கள் என்பதையும் சேர்த்து. ப்ரொபேஷன் என்ன ஆகுமோ. பதில் வரவில்லை. கதவு தட்டினால்கூடத் தூக்கிவாரிப் போடுகிறது.

டிசம்பர் 2, திங்கள்

காற்று ஓய்ந்து கடல் அலையில்லாமல் தட்டாக இருக்கிறது. எச்சரிக்கையும் இல்லை, ஊளையும் இல்லை. ஆனால் கீழத்துறையில் ஒரு போட்டும் இறங்கவில்லை. மேரி சொன்னாள், ஆண்கள் கரையில் நின்று மாடிக் குழாயையே பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறார்களாம். சும்மா இருக்கிறதா, செத்துக் கிடக்கிறதா, யாருக்குத் தெரியும் என்று கேட்கிறார்களாம்.

சரி பண்ணிவிட்டேன் என்று நான் சொன்னால் எடுபடுமா? போன தடவையும் சரி பண்ணிவிட்டேன் என்றுதானே சொன்னேன்.

டிசம்பர் 3, செவ்வாய்

சாயங்காலம் அக்கா மாடி ஏறி வந்தாள். அந்த நாளுக்குப் பிறகு இன்றுதான் வருகிறாள். கையில் சோறு இல்லை, ஒன்றும் இல்லை. வாசலிலேயே நின்றாள்.

"தங்கையன் நாளைக்கு மாரியப்பன் போட்டுல கூலிக்குப் போறான். இவரு கைய வச்சிக்கிட்டு எங்க போறது. வீட்டுல ஒருத்தனாவது போனாத்தான் ஆவும்."

"சரிக்கா."

"கொழாய நம்பி யாரும் எறங்க மாட்டேங்குறாங்க. நீ காலையில கரைக்கு வா. போலாமா வேணாமான்னு நீ வாயத் தொறந்து சொல்லு. ஊருல பேசியாச்சு."

"நான் சொன்னா நம்புவாங்களாக்கா?"

"நம்பிக்கை என்ன நம்பிக்கை. அன்னைக்கு சொல்லாதவ நீதான். இனிமே சொல்லாம இருக்க மாட்ட."

டிசம்பர் 4, புதன்

எச்சரிக்கைப் பக்கத்தை எத்தனை தடவை பார்த்தேன் என்று கணக்கில்லை. ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்றுதான் வருகிறது. ‘இல்லை’ என்று ஒரு மெஷின் சொன்னால் இப்போது எனக்கும் நம்பிக்கை வரவில்லை. ஆபீஸ் மெஷினைத் தனியாகக் கேட்டேன். கீழத்துறை மெஷினைத் தனியாகக் கேட்டேன். மேரியை எழுப்பி ஆம்ப்ளிஃபயரில் பச்சை விளக்கு எரிகிறதா என்று பார்க்கச் சொன்னேன்.

விடியுமுன் கரைக்குப் போனேன். டார்ச் வெளிச்சத்தில் எல்லோரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தங்கையன் கையில் அந்தத் தூக்குச்சட்டி. அக்கா அவனுக்குப் பின்னால் நின்றாள்.

"போலாம்" என்றேன். பின்னால் நிற்பவர்களுக்காக இன்னொரு தடவை சொன்னேன்.

போட்டுகள் இறங்கின. பெண்கள் வீட்டுக்குத் திரும்பினார்கள். நான் ஆபீஸ் பஸ்ஸை விட்டுவிட்டு, இங்கேயே மணலில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். வெயில் ஏறிவிட்டது. இரண்டு போட்டு வந்துவிட்டது. அக்கா வந்து கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள், அவளும் கடலைத்தான் பார்க்கிறாள்.

மாரியப்பன் போட்டு இன்னும் வரவில்லை.